அழுத்தம் 18தான், ஆனால் பல்பைச் சுற்றி வானவில்

கடிதச் சுருக்கம்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. வீட்டிலேயே ஆரி எம்பிராய்டரி செய்கிறார். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கல்யாணப் பிளவுஸ்கள் குவிந்துவிடும். இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை சட்டத்தின் மேல் குனிந்த தலை நிமிராது. ஆறாம் வகுப்பில் போட்ட கண்ணாடியின் பவர் ஆண்டுதோறும் ஏறி, இப்போது இரு கண்ணிலும் மைனஸ் 15 ஆகிவிட்டது. புதுக் கண்ணாடிக்காகப் போன இடத்தில் கண் மருத்துவர் சொட்டு விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்த்து, கண்ணுக்குள் இருக்கும் இரண்டு லென்ஸும் இடம் நகர்ந்திருக்கின்றன, கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) வரக்கூடும், லேசரில் சிறு துளை போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்று காலை 11 மணிக்கு அளந்த கண் அழுத்தம் 18. ஸ்கேன் சீட்டில் கண்ணின் நீளம் 23 மில்லிமீட்டர்.

இவருடைய அண்ணனுக்கு 33 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு தாங்க முடியாத தலைவலி, வாந்தி. பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் பக்கத்து கிளினிக்கில் வாந்திக்கு ஊசி. நான்காம் நாள் ஒரு கண் மருத்துவமனையில் சேர்த்தபோது வலது கண் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து அவர் பைலோகார்பின் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார். “ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நோய், நீயும் அதையே விடு” என்கிறார் அம்மா. அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். இப்போது இவருக்கு மாமா மகனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது.

கேள்விகள் நான்கு. அழுத்தம் சரியாக இருக்கும்போது லேசர் எதற்கு? நகர்ந்த லென்ஸை மருந்திலோ பயிற்சியிலோ பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியுமா? அண்ணனின் மருந்தை முன்னெச்சரிக்கையாக விடலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா? கூடவே ஒரு தீர்மானமும் எழுதியிருக்கிறார்: “லென்ஸ் நகர்பவர்கள் நெட்டையாக, நீள விரலோடு, இதயக் கோளாறோடு இருப்பார்களாம். நான் 145 சென்டிமீட்டர்தான். விரல்கள் கட்டை. அண்ணனும் அப்படியே. அதனால் எங்களுக்கு அந்த நோய் இல்லை.” கடைசியில், தாளின் ஓரத்தில் குறுக்காக இன்னொன்று: “ராத்திரி வேலை முடித்து எழுந்தால் பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும், புருவத்துக்கு மேலே வலிக்கும். மல்லாந்து படுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். களைப்புதானே?”

அன்புச் சகோதரி,

நான்கு கேள்விகளுக்கு எண் போட்டுவிட்டு ஐந்தாவதை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

விளக்கைச் சுற்றி நிற வளையம், புருவ வலி, மல்லாந்து படுத்தால் நிவாரணம். லென்ஸ் நகர்ந்த ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது அதற்குக் களைப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறினால், தெளிந்திருக்க வேண்டிய கருவிழியில் (கண்ணின் முன்புறக் கண்ணாடிச் சுவரான கார்னியாவில்) நீர் கோத்துக்கொள்ளும். மார்கழிப் பனியில் தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் கட்டுமல்லவா, அதேபோல அந்த ஈரத்தின் வழியே பல்பும் வளையம் கட்டும். அழுத்தம் இறங்கியதும் கருவிழி தெளிந்துவிடும், வளையமும் போய்விடும்.

உங்கள் அழுத்தம் 18 என்று அளந்தது எப்போது? இரவு முழுவதும் தூங்கி எழுந்து, பஸ் ஏறிப் போய், காலை 11 மணிக்கு. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்போம். அந்தக் கணக்கில் 18 நல்ல எண்தான். ஆனால் அது அந்த ஒரு நிமிடத்தின் எண். இரவு பதினொன்றரைக்கு நீங்கள் சட்டத்தை விட்டு எழும் நிமிடத்தில் எவ்வளவு என்று இதுவரை யாரும் அளக்கவில்லை. பாதி ராத்திரியில் வந்து போன திருடனைப் பட்டப்பகலில் தெருவில் தேடினால் கிடைப்பானா?

ஆரிச் சட்டமும் கண்ணின் லென்ஸும்

லென்ஸ் எப்படி நிற்கிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது. உங்கள் வேலையே அதற்கு உவமை. சட்டத்தில் துணியை நாலாபுறமும் நூலால் இழுத்துக் கட்டுகிறீர்கள். கண்ணுக்குள் சிலியரி தசை என்ற வளையம்தான் சட்டம். அதிலிருந்து மயிரிழையிலும் மெல்லிய நூற்றுக்கணக்கான இழைகள் கிளம்பி லென்ஸின் விளிம்பைச் சுற்றிலும் பிடித்திருக்கின்றன. இயல்பான லென்ஸ் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு தட்டை. தன் போக்கில் விட்டால் அது உருண்டையாகவே பார்க்கும்; இழைகள் விறைப்பாக இழுத்துப் பிடிப்பதால்தான் தட்டையாக இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தசை வளையம் சுருங்கும், இழைகள் தளரும், லென்ஸ் சற்று உப்பும். நீங்கள் ஊசி முனையைப் பார்க்கும் ஒவ்வொரு கணமும் இதுதான் நடக்கிறது.

லென்ஸுக்கு முன்னால் நிறத்திரையான ஐரிஸ். அதன் நடுத்துளைதான் கண்பாவை. சிலியரி தசையை ஒட்டிய மடிப்புகளிலிருந்து ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் அளவில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாளெல்லாம் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு. அந்த நீர் லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் இடையே உள்ள குறுகிய இடுக்கில் நழுவி, பாவை வழியாக ஐரிஸுக்கு முன்னால் உள்ள முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் இருக்கிற சல்லடை வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஊற்று, மடை, வடிகால்: மூன்றும் ஒத்துழைத்தால் கண் அழுத்தம் சீராக இருக்கும். (இரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. ‘எனக்கு பிரஷர் இல்லையே’ என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.)

இழைகள் தளர்ந்த லென்ஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்தால் முதல் தொல்லை பார்வைக்கு: கோணல் மாணலான பவர், ஒரே கண்ணில் இரட்டைக் காட்சி. பின்னால் விழுந்தால் விழித்திரையைக் கவனிக்க வேண்டும். முன்னால் வந்தால்தான் முதல் தொல்லை அழுத்தத்துக்கு. தொட்டியின் துளையில் பந்து வந்து உட்கார்ந்ததுபோல் லென்ஸ் பாவையை அடைக்கும். பின்னால் ஊறும் நீருக்கு வழியில்லை. அது ஐரிஸை முன்னுக்குத் தள்ளும். தள்ளப்பட்ட ஐரிஸ் கோணத்துச் சல்லடையையும் மூடும். பாவை விரிந்திருக்கும் நேரத்தில் தளர்ந்த லென்ஸ் அதன் வழியாகவே நழுவி முன்னறைக்குள் வந்து விழுவதும் உண்டு. அது உடனடி அவசரம்.

இப்போது உங்கள் இரவைப் பாருங்கள். முகம் தரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் குனிந்திருக்கிறீர்கள். லென்ஸின் எடை முன்பக்கம் சரிகிறது. பார்வை ஊசியில், இழைகள் தளர்கின்றன, லென்ஸ் உப்புகிறது. பிறகு மல்லாந்து படுக்கிறீர்கள். லென்ஸ் பின்னுக்குச் சாய்கிறது, மடை திறக்கிறது. தூக்கம் தருகிற நிவாரணம் என்று நீங்கள் நினைத்ததில் பெரும் பங்கு மல்லாந்து படுத்ததற்கு உரியது என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன்; கண்ணைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

விரல்கள் கட்டை என்பதால் நோய் இல்லையா?

நீங்கள் படித்த நெட்டை உருவமும் நீள விரலும் மார்ஃபன் நோய்க்குறித் தொகுதியைச் சேர்ந்தவை. 1896-இல் பாரிஸில் மார்ஃபன் என்ற குழந்தை மருத்துவர் எழுதிவைத்த நோய். லென்ஸ் நகர்வதற்கான பரம்பரைக் காரணங்களில் அதிகம் காணப்படுவது அதுதான், நீங்கள் படித்ததில் பிழையில்லை. ஆனால் அது ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொண்டது பிழை. அடிபட்டும் லென்ஸ் நகரும். ஒரு கண்ணில் மட்டும் நகர்ந்தால் நான் முதலில் கேட்பது எப்போது பந்து பட்டது, குச்சி பட்டது என்றுதான். முதுமையில் ஒருவகைச் செதில் படிந்தும் இழைகள் நலியும். ஹோமோசிஸ்டினூரியா என்ற வளர்சிதை மாற்றக் கோளாறிலும் நகரும்.

நீங்கள் விவரித்த உடல்வாகைப் படித்ததும் எனக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்தது: வெய்ல்–மார்க்கேசானி. 1932-இல் வெய்லும் 1939-இல் மார்க்கேசானியும் விவரித்தது. குட்டையான உருவம், கட்டை விரல்கள், விறைத்த மூட்டுகள்; கண்ணுக்குள் வழக்கத்தைவிடச் சிறிய, பந்துபோல் உருண்ட லென்ஸ். வேடிக்கை என்னவென்றால், இழைகளுக்கான ஃபைப்ரில்லின் என்ற புரதத்தின் மரபணுவில் ஓரிடத்தில் கோளாறு வந்தால் மார்ஃபன் நெட்டை. அதே மரபணுவில் வேறுவகைக் கோளாறு வந்தால் இந்தக் குட்டை. வேறு சில மரபணுக்களாலும் இது வரும். அவை பெரும்பாலும் நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தலைகாட்டுபவை.

உங்கள் சீட்டில் இன்னொரு துப்பும் இருக்கிறது. மைனஸ் 15 பவர் உள்ளவரின் கண் வழக்கமாக நீண்டிருக்கும். 23 மில்லிமீட்டர் என்பது சராசரியை ஒட்டிய நீளம். கண் நீளவில்லை, பவர் மட்டும் ஏறியிருக்கிறது என்றால், அது உருண்டுபோன லென்ஸின் வேலையாக இருக்கலாம். ‘கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மூடுகோணக் கிளாக்கோமா வராது’ என்று மருத்துவ மாணவர்களுக்கே ஒரு மெத்தனம் உண்டு. நீண்ட கண்ணுக்குப் பெரும்பாலும் சரி. உருண்ட லென்ஸுக்கு அது பொருந்தாது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: “என் லென்ஸ் இயல்பான அளவுதானா, சிறுத்து உருண்டதா? பாவையை விரித்தபோது அதன் விளிம்பு சுற்றிலும் தெரிந்ததா? முன்னறை ஆழமா, ஆழம் குறைவா?” இந்தப் பதில்கள் 18 என்ற எண்ணைவிட அதிகம் சொல்லும்.

அண்ணனின் சொட்டு மருந்து

விடாதீர்கள். கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பைலோகார்பின் கெட்ட மருந்தல்ல; சாதாரண மூடுகோணக் கிளாக்கோமாவில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது. பாவையைச் சுருக்கி, கோணத்திலிருந்து ஐரிஸை இழுத்து, வடிகாலைத் திறக்கும். ஆனால் அது சிலியரி தசையையும் சுருக்கும். உங்கள் சட்டத்தை எண்ணிப் பாருங்கள்: சட்டம் சிறுத்தால் நூல் தொய்யும். ஏற்கெனவே தளர்ந்த இழைகள் இன்னும் தொய்யும், உருண்ட லென்ஸ் இன்னும் உருண்டு முன்னே வரும், சுருங்கிய பாவை அதன்மேல் இறுக்கமாக ஒட்டும். அழுத்தத்தைக் குறைக்க விட்ட மருந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். இதைத் தலைகீழ் கிளாக்கோமா என்றே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பாவையை விரிக்கும் மருந்துதான் இங்கே பெரும்பாலும் உதவுகிறது.

நான் இதைப் புத்தகத்தில் கற்கவில்லை. மேற்படிப்புக் காலத்தில் ஓர் இரவுப் பணியில், வலியோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கோணம் மூடியிருந்தது. கற்றபடி பைலோகார்பின் விட்டேன். அழுத்தம் ஏறியது. போதவில்லை என்று இன்னொரு சொட்டு விட்டேன். மேலும் ஏறியது. விடியற்காலையில் வந்த பேராசிரியை விளக்குக் கருவியின் பக்கமே போகவில்லை. அந்தப் பெண்ணின் கையைத் தூக்கி என்னிடம் காட்டி, “கண்ணைப் பார்த்தாய், இந்த விரலைப் பார்த்தாயா?” என்று கேட்டார். பாவையை விரிக்கும் சொட்டு விட்டு, மல்லாந்து படுக்க வைத்தோம்; மதியத்துக்குள் இறங்கியது. இன்றும் கிளாக்கோமா என்று யார் வந்தாலும் என் பார்வை முதலில் விரலுக்குத்தான் போகிறது.

அதற்காகப் பாவையை விரிக்கும் சொட்டை நீங்களாக வாங்கி விடவும் கூடாது. பாவை முழுதாக விரிந்தால் லென்ஸ் முன்னறைக்குள் நழுவும் ஆபத்து இருக்கிறது. விரிப்பதா, சுருக்குவதா என்பதை லென்ஸ் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தவர்தான் முடிவு செய்ய முடியும். கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகளும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், அது சத்தமில்லாமல் அழுத்தத்தை ஏற்றும்.

இனி, கடிதத்தில் யாரும் கேட்காத ஒரு கண்ணைப் பற்றி. அது உங்கள் அண்ணனின் இடது கண். அவருக்கும் இதே உருண்ட லென்ஸ் இருந்து, அதை யாரும் குறித்து வைக்காமல், பைலோகார்பின் தொடர்ந்து கொண்டிருந்தால், அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே கண் அதன் கையில் இருக்கிறது. அவருடைய மருத்துவர் எல்லாம் அறிந்தே, வேறு காரணத்துக்காகக் கொடுத்திருக்கவும் கூடும். ஆகவே மருந்தை அவராக நிறுத்த வேண்டாம். ஆனால் ஓரிரு நாளுக்குள் கிளாக்கோமா நிபுணர் ஒருவரிடம் புட்டியோடு போகட்டும். உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய குறிப்புகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன. யாரிடமும் சண்டை போடுவதற்காக அல்ல. அன்று கோணம் எப்படி இருந்தது, லென்ஸ் எங்கே இருந்தது என்ற இரண்டு வரிகள் உங்கள் கண்ணுக்கும் பயன்படும்.

லேசரா, அறுவைச் சிகிச்சையா?

லென்ஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் சொட்டும் இல்லை, பயிற்சியும் இல்லை. அறுந்த இழை மீண்டும் முளைக்காது. கண்ணைச் சுழற்றும் பயிற்சி என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் போக வேண்டாம். தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் முகங்குப்புறப் படுப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

லேசர் துளை ஒரு மாற்றுப் பாதை. ஐரிஸின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய ஒரு துளை; பாவை அடைபட்டாலும் பின்னால் ஊறும் நீர் அதன் வழியே முன்னறைக்கு வந்துவிடும். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வரலாம். உங்களுக்கு அதைச் சொன்ன மருத்துவர் அழுத்தம் ஏறும்வரை காத்திருக்காமல் யோசித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் மதிப்புதான் வருகிறது. ஒன்று மட்டும்: லேசருக்கு முன் ஐரிஸை விறைப்பாக்கப் பைலோகார்பின் ஒரு சொட்டு விடுவது வழக்கம். கண்காணிப்பில் ஒருமுறை விடுவது வேறு, வீட்டில் தினமும் விடுவது வேறு. இருந்தாலும் லேசர் போடுபவரிடம் உங்கள் லென்ஸைப் பற்றி நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

துளை போட்டுவிட்டால் கிளாக்கோமா பயம் தீர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். லென்ஸ் முன்னே நெருக்கிக்கொண்டே இருந்தால் கோணம் மெல்ல மெல்ல ஒட்டிப்போகும். அது நடக்கிறதா என்பதைக் கோணத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி பரிசோதனைதான் சொல்லும். உங்களுக்கு அதைச் செய்தார்களா என்று கடிதத்தில் இல்லை. பார்வை நரம்பைப் பார்ப்பது, பார்வைப் புலச் சோதனை, கருவிழியின் தடிமன் அளப்பது (கருவிழி மெலிந்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்) ஆகியவையும் வேண்டும். முடிந்தால் ஒருநாள் மாலையில், வழக்கம்போல் வேலை செய்துவிட்டு நேரே போய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

லென்ஸையே எடுத்துவிடுவது பெரிய முடிவு. லாபம்: அடைப்புக்குக் காரணமே போய்விடும், மைனஸ் 15 பெருமளவு குறையும். நஷ்டம்: இதை வழக்கமான கண்புரை அறுவையோடு சேர்த்து எண்ணக் கூடாது. லென்ஸைப் பொதிந்திருக்கும் தளர்ந்த பையில் செயற்கை லென்ஸ் உட்காராது; அதைக் கண்ணின் வெள்ளைச் சுவரில் தைத்தோ, பசையால் ஒட்டியோ, ஐரிஸில் கவ்வ வைத்தோ பொருத்த வேண்டும். ஒட்டும் முறை சென்னையில் உருவானதுதான், நம் ஊரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் விழித்திரை விலகல், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல் பிதுங்கல் போன்ற ஆபத்துகள் சாதாரணப் புரை அறுவையைவிட அதிகம். இன்னொன்று உங்கள் தொழிலைத் தொடுவது: 29 வயதில் கண் தானாகக் குவியும் திறனை இழப்பீர்கள், ஊசி கோக்கத் தனிக் கண்ணாடி தேவைப்படும். கோணம் இன்னும் திறந்திருந்து, துளைக்குப் பிறகு வளையங்கள் நின்றுவிட்டால், என் கண்ணாக இருந்தால் நான் பொறுப்பேன். கோணம் ஒட்டத் தொடங்கியிருந்தாலோ வளையங்கள் தொடர்ந்தாலோ பொறுக்க மாட்டேன்.

எந்த அறுவைக்கும் முன் இதய எக்கோவும் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவும் பார்த்துவிடுவது நல்லது. முதலாவது, இந்த உடல்வாகு உள்ளவர்களில் சிலருக்கு இதய வால்வுக் குறைகள் இருப்பதால். இரண்டாவது, அது கூடியிருந்தால் மயக்க மருந்தின்போது இரத்தக் கட்டி ஆபத்து என்பதால். கழுத்தோ தாடையோ விறைப்பாக இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். செலவை நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை முதல் உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி வரை கண் பிரிவுகள் உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

அந்த இரவு உங்களுக்கு வந்தால்

கண்ணிலோ நெற்றியிலோ கடும் வலி, வாந்தி, சிவப்பு, மங்கல். அண்ணனுக்கு வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வயிறும் கண்ணும் ஒரே நேரத்தில் புரளும்போது வீட்டார் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மருத்துவர்களே தவறவிடுகிறார்கள்.

மல்லாந்து படுங்கள். வாகனத்திலும் இருக்கையைச் சாய்த்துப் படுத்தே போங்கள். விடியட்டும் என்று பார்க்காமல், இரவிலும் கண் மருத்துவர் பணியில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அது எது என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: “இரு கண்ணிலும் லென்ஸ் நகர்ந்துள்ளது. சிறிய உருண்ட லென்ஸாக இருக்கலாம். லென்ஸின் நிலையைப் பார்க்காமல் பைலோகார்பின் விட வேண்டாம்.” வலியில் பேச வராது, அப்போது சீட்டு பேசும்.

கல்யாணப் பேச்சு

இதில் நான் கண் மருத்துவராக மட்டும் பேசுகிறேன். உங்கள் இருவருக்கும் இருப்பது ஒடுங்குநிலை மரபாக (மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும் வகையாக) இருந்தால், பெற்றோர் இருவரும் வெளியில் தெரியாமல் ஆளுக்கொரு பழுதுப் பிரதி சுமந்திருக்கிறார்கள். அம்மா சுமந்தால் அவருடன் பிறந்த மாமாவும் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மாமா மகனுக்குக் குறைந்தது நான்கில் ஒன்று. அவர் சுமப்பவராக இருந்தால் உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் சுமக்கவில்லை என்றாலோ, உறவில்லாத ஒருவரை நீங்கள் மணந்தாலோ, இந்த நோய் பிள்ளைகளுக்கு வருவது மிக அரிது. ஒரே பழுதுப் பிரதி போதும் என்ற ஓங்குநிலை மரபாக இருந்தால் கணக்கே வேறு. யாரை மணந்தாலும் பாதி.

இது எதுவும் ஊகத்தில் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்கள் இரத்தத்தில் மரபணுவைப் பார்த்துவிட்டால், அந்த ஒரே இடத்தை மாப்பிள்ளையிடமும் பார்க்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை சங்கர நேத்ராலயாவிலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் மரபியல் ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் அவரைப் பரிசோதிக்க வேண்டுமானால் அவரிடம் சொல்லியாக வேண்டும். அண்ணனின் கண் போனது அந்த வீட்டுக்கும் தெரிந்த விஷயம்தானே. இதில் மறைக்க மிச்சம் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் நீங்களே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உறவில் கட்டியதால் வந்தது என்று அம்மாவையும் அப்பாவையும் நோக வைக்கவும் வேண்டாம். அவர்கள் காலத்தில் இதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

குழந்தை பிறந்தால் பேச்சு வரும்வரை காத்திருக்காமல் கண்ணைக் காட்டுங்கள். லென்ஸ் நகர்ந்த குழந்தைகளின் பார்வையை உரிய காலத்தில் கண்ணாடி கொடுத்துக் காப்பாற்றலாம். தாமதித்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாமல் போகும்.

உங்கள் வேலையை விடச் சொல்ல மாட்டேன். சிகிச்சை முடிவாகும் வரை இரவு வேலை வேண்டாம். பகலில் சட்டத்தைச் சாய்வாக நிறுத்தி, முகம் தரையைப் பார்க்காதபடி அமருங்கள். அரை மணிக்கொரு முறை தூரத்தில் எதையாவது பாருங்கள், சற்று நேரம் மல்லாந்து படுங்கள். இவை மருந்துக்கு மாற்றல்ல, நீங்கள் கிளாக்கோமா நிபுணரைப் போய்ப் பார்க்க வேண்டிய இந்த ஒரு வாரத்தைக் கடப்பதற்கு.

ஒரு வாரம் என்று எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். முகூர்த்த மாதம் முடியட்டும் என்று தள்ள வேண்டாம். அதற்குள் வளையங்களோடு வலி கூடினால் அந்த வாரமும் கிடையாது, அன்றே கிளம்ப வேண்டும். அண்ணன் ஓரிரு நாளில் போவதாக இருந்தால், நீங்களும் அவருடனேயே போய்விடலாம். ஒரே பஸ் செலவு. அவருடைய மருந்துப் புட்டியையும் உங்கள் பழைய கண்ணாடிச் சீட்டுகள் அத்தனையையும் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.